ஓபியாய்ட்ஸ் அவேர்: கவுன்டரில் நிற்கும் மருந்தாளருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பிரிட்டனில் வேலை பார்க்கும் மருந்தாளர் ஒருவர் வலி மருந்துகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் காட்டப்படுவது ‘ஓபியாய்ட்ஸ் அவேர்’, அதாவது ஓபியாய்டு எனப்படும் மார்ஃபின் வகை வலி மருந்துகள் பற்றிய பாடத் தொகுப்பு. லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் அனஸ்தெடிஸ்ட்ஸின் ஓர் அங்கமான ஃபேகல்டி ஆஃப் பெயின் மெடிசின் இதை நடத்துகிறது. கட்டணம் கிடையாது. இணையத்தில் யாரும் திறந்து படிக்கலாம். மருந்து எழுதுபவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்றாலும், எழுதியதைச் சரிபார்த்துக் கொடுக்கிற நமக்கும் உரியதுதான். இங்கே பார்க்கப்போவது ஒன்றே: படித்து முடித்துக் கடைக்குப் போனால், மறுநாள் வரும் மருந்துச் சீட்டை வேறு கண்ணோடு பார்ப்போமா?

சான்றிதழ் எங்கே, மதிப்பெண் எங்கே என்று தேடுபவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் பிரிட்டனில் அது பெரிய குறை இல்லை. அமெரிக்காவில் மாதிரி இத்தனை மணி நேரம் என்று கணக்குக் காட்ட வேண்டியதில்லை. 2018இல் வந்த மறுமதிப்பீட்டு முறைப்படி, மருந்தாளர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் ஜி.பி.எச்.சி. ஆண்டுக்கு ஆறு பதிவுகளைக் கேட்கிறது: தொழில்கல்விப் பதிவு நான்கு (அதில் குறைந்தது இரண்டு முன்கூட்டித் திட்டமிட்டவையாக இருக்க வேண்டும்), சக தொழிலருடனான உரையாடல் ஒன்று, சுயபரிசீலனைக் கட்டுரை ஒன்று. கற்றதால் நோயாளிக்கு என்ன பயன் கிடைத்தது என்பதற்கு உண்மையான எடுத்துக்காட்டு ஒன்றையும் எழுத வேண்டும். சான்றிதழை இணைத்து அனுப்புவதால் அந்த இடம் நிரம்பாது. ஆகவே தொகுப்பை மதிப்பிடும் அளவுகோலும் அதுதான்: எடுத்துக்காட்டாக எழுதும்படி ஒரு வேலையை நம் கையில் கொடுக்கிறதா?

தொகுப்பின் முதுகெலும்பு ஐந்து செய்திகள். திடீர் வலிக்கும் வாழ்வின் இறுதிக் கட்ட வலிக்கும் ஓபியாய்டு நல்ல மருந்து. நாட்பட்ட வலிக்கு அது உதவும் என்பதற்கு ஆதாரம் குறைவு. குறைந்த அளவில், விட்டுவிட்டு எடுத்தால் சிலருக்கு நீண்ட காலம் பயன் தரலாம். அந்தச் சிலர் யார் என்று தொடங்கும்போதே கண்டுபிடிப்பது கடினம். நாளொன்றுக்கு வாய்வழி மார்ஃபின் 120 மி.கி.க்குச் சமமான அளவைத் தாண்டினால் கேடு வெகுவாகக் கூடுகிறது, பயன் கூடுவதில்லை. ஓபியாய்டு எடுத்தும் வலி கடுமையாகவே நீடித்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள். மாற்று எதுவும் கைவசம் இல்லாவிட்டாலும் அதை நிறுத்த வேண்டும். கடைசியாக, அதிக அளவில் எடுத்தும் முடங்கிக் கிடப்பவரின் வலியோடு பின்னிக் கிடக்கும் மனப் பாடுகளை நுணுக்கமாக விசாரிக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

நான்காவது செய்திதான், அதாவது வலி நீடித்தால் மருந்தை நிறுத்து என்பதுதான், இந்தத் தொகுப்பின் துணிச்சல். வலி குறையவில்லையா, அளவைக் கூட்டு என்று பழகிய கைக்கு அது நேர் எதிர். ஆனால் கவுன்டருக்கு முன்னால் நிற்பவரிடம் அதை எந்தச் சொல்லில் சொல்வது? மருத்துவருக்குப் பத்து நிமிடம் இருக்கிறது; நமக்குப் பின்னால் வரிசை இருக்கிறது. ‘இது உங்களுக்கு வேலை செய்யவில்லை’ என்றால் ‘உங்கள் வலி பொய்’ என்று காதில் விழும். ‘இந்த மருந்து எடுக்கத் தொடங்கிய பிறகு முன்பு செய்ய முடியாத எதைச் செய்ய முடிகிறது?’ என்று கேட்பது நல்ல தொடக்கம். மாடி ஏறுவது, இரவில் நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்குவது, பேரனைத் தூக்குவது என்று பதில் வந்தால் பயன் இருக்கிறது. ‘ஒன்றுமில்லை, ஆனா விட்டா இன்னும் மோசமாயிடும்’ என்று வந்தால், அந்த வாக்கியத்தை அப்படியே ஜி.பி.யின் (குடும்ப மருத்துவரின்) கிளினிக்குக்கு எழுதி அனுப்பலாம்.

இனி 120. தொகுப்பு எண்ணைச் சொல்லிவிடுகிறது. சீட்டில் அது எப்படித் தெரியும் என்பதை நாம் பழக வேண்டும். மார்ஃபின் 60 மி.கி. காலை மாலை என்றால் 120. ஆக்ஸிகோடோன் 40 மி.கி. காலை மாலை என்றால் 80, அதை 1.5ஆல் பெருக்கினால் அதுவும் 120. ஃபென்டனில் 50 பேட்ச் (மணிக்கு 50 மைக்ரோகிராம் விடும், தோலில் ஒட்டும் பட்டை) ஒன்று மட்டுமே 120. புப்ரினார்ஃபின் 52.5 பேட்ச் 126. இவை கண்ணுக்குத் தெரிபவை. தப்பித்துப் போவது கூட்டுக் கணக்கு. ஃபென்டனில் 25 பேட்ச் (60), பழைய பழக்கத்தில் தொடரும் கோ-கோடமால் 30/500 நாளைக்கு எட்டு மாத்திரை (கோடீன் 240 மி.கி., அதில் பத்தில் ஒன்று 24), தேவைப்பட்டால் என்று எழுதி நாளைக்கு நான்கு முறை குடிக்கும் ஓராமார்ஃப் என்ற மார்ஃபின் திரவம் 5 மி.லி. (முறைக்கு 10 மி.கி., ஆக 40). மொத்தம் 124. மூன்று வரிகளில் எதுவும் தனியாகப் பார்த்தால் கூரையைத் தொடவில்லை. எழுதியவர்கள் இரண்டு பேராக இருந்தால் இருவருக்குமே இது தெரிந்திருக்காது. நம் கணினியில் மட்டும்தான் மூன்றும் ஒரே திரையில் இருக்கின்றன.

ஒரு மருந்தின் மி.கி.யை எதனால் பெருக்கினால் மார்ஃபின் அளவு வரும் என்று சொல்லும் சமன் அளவு அட்டவணை தொகுப்பின் பயன்மிக்க பக்கம். கோடீனுக்கு 0.1, டாபென்டடாலுக்கு 0.4, ஆக்ஸிகோடோனுக்கு 1.5, ஹைட்ரோமார்ஃபோனுக்கு 5. மெதடோனுக்கு ஒற்றைக் காரணி தராமல் விட்டிருப்பது நேர்மையான முடிவு: உடலில் தங்கும் நேரம் ஆளுக்கு ஆள் அவ்வளவு மாறுகிறது, அதைப் பெருக்கல் கணக்கில் அடைப்பது ஆபத்து. அமெரிக்கத் தயாரிப்புப் பாடங்களையும் சேர்த்துப் படிப்பவர்கள் இங்கே குழம்புவார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் 2022 வழிகாட்டுதலில் கோடீன் 0.15, டிரமடால் 0.2, மெதடோன் 4.7. பி.என்.எஃப். எனப்படும் பிரிட்டிஷ் மருந்துக் கையேட்டின் கணக்கிலோ டிரமடால் 100 மி.கி.க்கு மார்ஃபின் 10 மி.கி., அதாவது 0.1. நாளைக்கு 400 மி.கி. டிரமடால் எடுப்பவர் ஒரு நாட்டில் 40, இன்னொரு நாட்டில் 80. எந்த அட்டவணையில் கணக்குப் போட்டோம் என்பதைப் பதிவில் எழுதாவிட்டால், பின்னால் வந்து பார்ப்பவர் நோயாளியின் அளவு இரட்டித்துவிட்டது என்று பதறலாம்.

அட்டவணையைவிட முக்கியமானது அதன் பக்கத்தில் உள்ள எச்சரிக்கை. ஒரு ஓபியாய்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, குறிப்பாகப் பழையது ஒத்துக்கொள்ளாமலோ பழகிப்போயோ மாற்றும்போது, கணக்கில் வந்த அளவில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை குறைத்துத் தொடங்க வேண்டும். ஆக்ஸிகோடோன் 30 மி.கி. காலை மாலை எடுப்பவரை மார்ஃபினுக்கு மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 60ஐ 1.5ஆல் பெருக்கினால் 90. கால் பங்கு குறைத்தால் 67.5, அரைப் பங்கு குறைத்தால் 45. எம்.எஸ்.டி. (மெதுவாக வெளிவிடும் மார்ஃபின் மாத்திரை) 30 மி.கி. காலை மாலை என்று எழுதி வந்தால் அது 60, வரம்புக்குள் இருக்கிறது. 45 மி.கி. காலை மாலை என்று வந்தால் யாரோ குறைக்க மறந்து 90ஐ அப்படியே பாதியாக வெட்டியிருக்கிறார்கள். போனை எடுக்க வேண்டிய இடம் அது. இடையில் எழும் வலிக்கான அளவு நாள் மொத்தத்தில் பத்தில் ஒன்று முதல் ஆறில் ஒன்று வரை, அதாவது 6 முதல் 10 மி.கி. இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் கணக்கில் இல்லை, வீட்டு அலமாரியில். புதிய ஓராமார்ஃபும் பழைய ஆக்ஸிகோடோன் மருந்தான ஆக்ஸிநார்மும் அடுத்தடுத்து நிற்கும். வலி வந்தால் இரண்டும் இறங்கும். ‘பழையதைக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்’ என்று சொல்லாமல் புதியதைக் கையில் கொடுக்கக் கூடாது.

பேட்ச்கள் பற்றிப் படிக்கும்போது பி.என்.எஃப்.ஐப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். புப்ரினார்ஃபின் ஒன்றுதான், ஆனால் கடிகாரம் மூன்று: 72 மணி நேரம், 96 மணி நேரம், ஏழு நாள். பியூடிரான்ஸ் 20ஐ ஏழு நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். டிரான்ஸ்டெக் 35ஐ 96 மணி நேரத்துக்குள். பிராண்ட் பெயர் இல்லாமல் வந்த சீட்டைக் கணினி காட்டும் முதல் பொருளை வைத்து நிரப்பினால், வார பேட்சை மூன்று நாளுக்கொரு முறை மாற்றுபவர் உருவாகிவிடுவார். ஃபென்டனில் 12 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். அது நாளைக்கு மார்ஃபின் 30 மி.கி. ஓபியாய்டு பழக்கமில்லாதவருக்குப் புற்றுநோய் அல்லாத வலிக்கு ஃபென்டனில் பேட்ச் கூடாது என்று பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ. 2020 செப்டம்பரில் அறிவித்தது. சுடுநீர்ப் பை, மின்சாரப் போர்வை, காய்ச்சல், எதனால் தோல் சூடானாலும் மருந்து வேகமாக உள்ளே போகும். கழற்றிய பிறகும் இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ முக்கால் நாளோ அதற்கு மேலோ ஆகும். மயங்கிக் கிடப்பவரின் பேட்சைப் பிய்த்துவிட்டோம் என்று நிம்மதி அடைய முடியாது. பழையதை எடுக்காமல் முதுகில் புதியதை ஒட்டுவது முதியவர்களிடம் சாதாரணம். ஒட்டிய தேதியும் இடமும் எழுத ஓர் அட்டை கொடுங்கள். கழற்றியதைப் பசைப்பக்கம் உள்ளே வரும்படி மடிக்கச் சொல்லுங்கள், குழந்தை எடுத்து ஒட்டிக்கொள்ளக் கூடாது.

தொகுப்பு நம்மைக் கைவிடும் இடம் அலமாரிக்கும் லேபிளுக்கும் நடுவில். ஓராமார்ஃப் 10 மி.கி./5 மி.லி. கட்டுப்பாட்டு மருந்துகளுக்கான சட்டத்தின் அட்டவணை 5ஐச் சேர்ந்தது. பூட்டும் பதிவேடும் வேண்டாம். அடர் கரைசல் ஒரு மி.லி.க்கு 20 மி.கி.; அது அட்டவணை 2. ‘5 மி.லி.’ என்று மட்டும் எழுதிய சீட்டில் பாட்டில் மாறினால் 10 மி.கி. என்பது 100 மி.கி. ஆகிறது. லேபிளில் மி.கி., மி.லி. இரண்டும் இருக்க வேண்டும் என்பதற்கு வேறு காரணமே தேவையில்லை. ஆக்ஸிநார்ம் உடனே வேலை செய்வது, ஆக்ஸிகான்டின் 12 மணி நேரம் ஓடுவது. ‘ஆக்ஸிகான்டின் 10, தேவைப்பட்டால் 4 மணிக்கொரு முறை’ என்று வந்தால் இரண்டில் ஒன்று தவறு, அந்தச் சீட்டு அப்படியே வெளியே போகக் கூடாது. அட்டவணை 2, 3 மருந்துச் சீட்டுகள் 28 நாளே செல்லும். மொத்த எண்ணிக்கை எழுத்திலும் எண்ணிலும் வேண்டும். ஒன்று மட்டும் விடுபட்டிருந்தால் மருந்தாளர் சேர்க்கலாம், இரண்டுமே இல்லை என்றால் திரும்பிப் போக வேண்டும். டிரமடால் 2014 ஜூனிலிருந்தும், நரம்பு வலி மருந்துகளான கபாபென்டினும் பிரிகாபலினும் 2019 ஏப்ரலிலிருந்தும் அட்டவணை 3இல் இருக்கின்றன. கடைசி இரண்டும் ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சை அடக்கும் என்பது சட்டத்தைவிடப் பெரிய சேதி.

இன்னொரு பழைய விதியைப் புதிதாகச் சேர்ந்தவர்கள் பலர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை 2008இல் ஓபியாய்டு அளவுத் தவறுகள் பற்றி அனுப்பிய அவசரக் குறிப்பு சொன்னது: வாய்வழி மார்ஃபினோ ஆக்ஸிகோடோனோ கூட்டும்போது, பெரியவர்களுக்கு முந்தைய அளவைவிட ஐம்பது சதவீதத்துக்கு மேல் போவது வழக்கமில்லை. 30 காலை மாலையிலிருந்து 60 காலை மாலை என்பது நூறு சதவீதம். எழுதியவர் வேண்டுமென்றே செய்திருக்கலாம். கேட்காமல் அதை நாம் தீர்மானிக்க முடியாது. முகமை எப்போதோ கலைக்கப்பட்டுவிட்டது. விதிக்கு வயதாகவில்லை.

குறைத்து நிறுத்துவது பற்றிய பகுதி மறுபடி பலம். வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை பத்து சதவீதம் என்பது தொகுப்பு தரும் வேகம். மார்ஃபின் 60 காலை மாலை எடுப்பவருக்குப் பத்து சதவீதம் 12 மி.கி. மாத்திரையில் 12 கிடைக்காது. 55 காலை மாலை என்று இறங்கலாம். அதற்கு 30, 15, 10 மி.கி. மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அந்தச் சின்ன வலிமைகள் கையிருப்பில் இல்லாமல் போவதால்தான் பாதித் திட்டங்கள் இரண்டாவது வாரத்திலேயே நிற்கின்றன. முதல் சீட்டு வரும்போதே அடுத்த நான்கு படிகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு ஆர்டர் போட்டு வையுங்கள். மெதுவாக வெளிவிடும் மாத்திரையை உடைத்துச் சமாளிக்க விடாதீர்கள். உடைத்தால் பன்னிரண்டு மணி நேரத்து மருந்து ஒரே மூச்சில் இறங்கும். கொட்டாவி, வியர்வை, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைவது போன்ற உளைச்சல் எல்லாம் விடுபடும் அறிகுறிகள். நோயாளி இவற்றைப் ‘பழைய வலி திரும்பிவிட்டது’ என்று படித்து மீதி இருந்த பழைய அளவை விழுங்குவார். உடல் பழகிய தாங்குதிறன் அதற்குள் போயிருக்கும். நேற்று வரை தாங்கிய அளவு இன்று மூச்சை நிறுத்தலாம் என்பதை இந்தப் பகுதியைப் படிக்கும் எவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

மலச்சிக்கல் பற்றிச் சுருக்கமாக: தூக்கக் கலக்கமும் குமட்டலும் நாளடைவில் பழகும், மலச்சிக்கல் பழகாது. சென்னாவோடு மேக்ரோகால். இசப்கோல் வகை வேண்டாம். அசைவு குறைந்த குடலில் அது கட்டியாகிவிடும். இசப்கோல் நம் ஊர் வீடுகளில் தானாக எடுக்கும் மருந்து என்பதால், சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்வார்கள்.

வலியின் தன்மையை விசாரிக்கும் பகுதியைத் தமிழ் பேசும் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் மருந்தாளர்கள் இன்னொரு முறை படிக்கலாம். ஆங்கிலத்தில் ‘பர்னிங்’, ‘ஷூட்டிங்’ என்று கேட்டால் பாட்டி தலையாட்டுவார், அவ்வளவுதான். எரியுதா, சுள்ளென்று இழுக்குதா, மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கா, விறுவிறுக்குதா, மரத்துப்போகுதா என்று கேட்டால் நரம்பு வலி வெளியே வரும். குடைச்சல், உளைச்சல், கடுப்பு என்றால் வேறு திசை. வலியை ‘நோ’ என்று யாழ்ப்பாணத்தார் சொல்வதை ‘இல்லை’ என்று எழுதிக்கொள்ளும் ஆங்கிலேய நர்ஸுகளும் இருக்கக்கூடும். அங்கே நாம்தான் இடையில் நிற்க வேண்டும்.

எந்தப் பாடமானாலும் காலாவதியைச் சோதிக்க இரண்டு கேள்விகள் போதும். நாட்பட்ட முதன்மை வலிக்கு ஓபியாய்டு தொடங்க வேண்டாம் என்கிற, சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2021 ஏப்ரல் வழிகாட்டுதல் இருக்கிறதா? அறுவைக்குப் பிந்தைய வலிக்கு மெதுவாக வெளிவிடும் ஓபியாய்டுகள் என்கிற பயன்பாட்டை எம்.எச்.ஆர்.ஏ. 2025 மார்ச்சில் நீக்கியது, அது இருக்கிறதா? இரண்டாவது இல்லாத பாடத்தைப் படித்தவர், முழங்கால் மாற்று முடித்து வருபவரின் வெளியேற்றச் சீட்டில் உள்ள எம்.எஸ்.டி.யைப் பார்த்து எதுவும் தோன்றாமல் பொட்டலம் கட்டிவிடுவார்.

கேள்வி பதிலோடு படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்பவர்களுக்கு, இதே ஃபேகல்டியும் பிரிட்டிஷ் பெயின் சொசைட்டியும் என்.எச்.எஸ். மின்கற்றல் தளத்தில் தரும் ஈ-பெயின் பொருந்தும். இங்கிலாந்தில் வேலை செய்பவர்களுக்கு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கும் மருந்தாளர் பயிற்சி மையமான சி.பி.பி.இ.யும் இலவசம். ஆனால் முதலில் ஓபியாய்ட்ஸ் அவேர், பிறகு மற்றவை என்ற வரிசையே நல்லது. இங்கே சிந்தனை கிடைக்கும், அங்கே பயிற்சி.

படித்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். கடைசி நான்கு வாரங்களில் ஓபியாய்டு வாங்கிய எல்லோரையும் கணினியில் எடுத்து, ஒவ்வொருவரின் நாள் மொத்தத்தையும் மார்ஃபின் கணக்கில் போடுங்கள். 120ஐத் தாண்டியவர்கள், கூடவே பென்சோடயசபினோ (தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் மருந்து வகை) பிரிகாபலினோ வாங்குபவர்கள், மலமிளக்கி இல்லாதவர்கள் என்று மூன்று பட்டியல். முதல் பட்டியலை ஜி.பி. கிளினிக்கில் இருக்கும் மருந்தாளரோடு உட்கார்ந்து பேசினால் அதுவே சக உரையாடல் பதிவு. மூன்றாவது பட்டியலில் ஒருவருக்கு மேக்ரோகால் கிடைக்கச் செய்தால் ஜி.பி.எச்.சி. கேட்கும் எடுத்துக்காட்டும் தயார்.

ஹாஸ்பிஸிலும் நோய்த்தணிப்பு வார்டிலும் வேலை செய்பவர்கள் இதை நம்பி வர வேண்டாம். இதன் கண் முழுவதும் நாட்பட்ட, புற்றுநோய் அல்லாத வலிமேல். தோலுக்கடியில் மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் சிரிஞ்ச் டிரைவரில் எதை எதோடு கலக்கலாம், சைக்லிசினை சலைனோடு சேர்த்தால் ஏன் படிந்துவிடும் போன்ற கேள்விகளுக்கு பி.என்.எஃப்.இன் நோய்த்தணிப்புப் பகுதியைத் திறப்பதே நேர்வழி.